அடிக்குறிப்பு வரை வாசித்த காலம்

எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் பொருளியலோ சமூகவியலோ ஆராய்ச்சி செய்ய வந்தவர்களுக்குச் செருப்பு சீக்கிரம் தேயும். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு தாலுகாவில் விவசாயக் கூலிகள் எத்தனை பேர் என்ற ஒரே ஒரு எண் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழும்பூரில் இறங்கி, பாந்தியன் சாலையோரமாக நடந்து, கன்னிமாரா நூலகத்துக்குள் நுழைந்து, அந்த மாவட்டத்தின் கணக்கெடுப்புக் கைநூல் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அங்கிருந்து சேப்பாக்கம் போய்ப் பல்கலைக்கழக நூலகத்தில் 1971 இருக்கிறது, 1961 வெளியே போயிருக்கிறது என்று கேட்டு, கடைசியில் பேருந்து பிடித்து அடையாறில் இறங்கி, மால்கம் ஆதிசேசய்யா 1971-இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் அந்தத் தடித்த புத்தகத்தைக் கையில் வாங்கும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். இன்று அதே எண்ணைத் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நின்றபடியே ஒரு மாணவி கைப்பேசியில் எடுத்துவிடுகிறாள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்த அலைச்சலைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை. அந்த வழியாக வந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

புத்தகம் கைக்கு வந்துவிட்டால் அடுத்த வேலை நகலெடுப்பது. ஜெராக்ஸ் இருந்தது, ஆனால் ஒரு பக்கத்துக்கு அவர்கள் கேட்ட காசில் மாணவர் மெஸ்ஸில் ஒரு காபி குடிக்கலாம், அதனால் கையால்தான் எழுதினோம். கோடு போட்ட ஃபுல்ஸ்கேப் தாளை நடுவில் மடித்து, நிரல்களுக்குத் தலைப்பு எழுதி, ஊர் ஊராக இறங்கிக்கொண்டே வருவோம். ஆவணக் காப்பகம் என்றால் பேனாவுக்கு அனுமதி கிடையாது, பென்சில்தான். எழுதி முடித்ததும் கூட்டிப் பார்த்து அச்சிட்ட மொத்தத்தோடு ஒப்பிட வேண்டும். ஒன்று குறைந்தாலும் மேலேயிருந்து மறுபடி. பொருளியல் துறையில் இருந்த ஃபேசிட் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கணக்குப் போட்ட மத்தியானங்களில் மொத்தம் சரியாக வந்துவிட்டால் பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார். எதற்காகச் சிரிக்கிறார் என்று சொல்ல வேண்டியதில்லை, அவரும் அதே வேலையில் இருந்தவர்தான்.

அப்படிக் கையால் எழுதியதில் ஒரு லாபம் இருந்தது, அது அன்றைக்கு லாபம் என்று தெரியவில்லை. ஊர்ப் பெயரை ஒவ்வொன்றாக எழுதும்போது நடுவில் ஓர் ஊர் வரும். பரப்பளவு இருக்கும், எண் இருக்கும், மக்கள்தொகை நிரலில் மட்டும் 'குடியில்லை' என்று இருக்கும். பெயரும் நிலமும் இருக்கிற ஊரில் ஆள் மட்டும் ஏன் இல்லை? ஏரி உடைந்ததா, காலராவா, பக்கத்து ஊரோடு சேர்ந்துவிட்டார்களா? நம் ஆராய்ச்சிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் அந்த ஊர் மனதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்தப் பக்கம் பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியாக அதைத் தேடுவோம். இன்று கணினியில் மக்கள்தொகை பூஜ்யமாக இருக்கும் வரிசைகளை நீக்கு என்று ஒரு கட்டளை கொடுத்தால், மாநிலம் முழுக்க உள்ள அத்தனை குடியில்லா ஊர்களும் கண்ணில் படாமலே போய்விடுகின்றன.

அந்த நாட்களில் என்னை மிகவும் இழுத்துப் போட்டவை 1961 கணக்கெடுப்போடு வந்த கிராம ஆய்வு நூல்கள். அப்போது இந்திய அளவில் கணக்கெடுப்பு ஆணையராக இருந்தவர் அசோக் மித்ரா; தலையை எண்ணுவதோடு நிறுத்தாமல், நாடு முழுக்கத் தேர்ந்தெடுத்த கிராமங்களுக்குள் போய் வாழ்க்கையையும் எழுதிவர வேண்டும் என்று அவர் நினைத்தார். சென்னை மாநிலத்தில் அந்தப் பொறுப்பு பி. கே. நம்பியாருடையது. சுண்ணாம்புக்குளம், ராவணசமுத்திரம், கோல்வார்பட்டி, ஆலடிப்பட்டி என்று ஊருக்கு ஒரு புத்தகம். ஊரின் வரலாற்றிலும் கோவிலிலும் தொடங்கி, வீட்டின் தரைப்படம், கூரை, அடுப்பு, கடன், கல்யாணச் செலவு என்று வளர்ந்து, கடைசியில் அட்டவணைகளாக முடியும்.

அந்த அட்டவணைகளில் ஒன்றை இன்னும் மறக்க முடியவில்லை. ஊரில் எத்தனை வீடுகளில் நாற்காலி இருக்கிறது, எத்தனை வீடுகளில் பெட்ரோமாக்ஸ், டார்ச் லைட், சைக்கிள், ரேடியோ. எத்தனை வீட்டார் கொசுவலை கட்டுகிறார்கள், எத்தனை வீட்டார் உடம்புக்குச் சோப்புப் போடுகிறார்கள், துணியை வண்ணாருக்குப் போடுகிறவர்கள் எத்தனை பேர், இவ்வளவும் சாதிவாரியாக. கடன் பற்றிய அட்டவணையைத் தேடி அந்தப் புத்தகத்தைத் திறந்தவன் நான். கொசுவலையில் நின்றுவிட்டேன். ஒரு சாதியில் ஒரு வீட்டுக்கும் எதிரே எண் இல்லை, வெறும் சிறு கோடுகள். துணியை வண்ணாருக்குப் போடுகிறவர்கள் என்ற நிரலிலும் சில சாதிகளுக்கு அதே கோடு. வசதி இல்லாததால் வந்த கோடு எது, அவர்கள் துணியைத் தொட மாட்டோம் என்று ஊர் சொன்னதால் வந்த கோடு எது என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை. ஆனால் கேள்வியை எழுப்பிவிட்டது. என் ஆய்வின் ஓர் அத்தியாயம் அங்கேதான் பிறந்தது. கடன் அட்டவணை மட்டும் தனியாக என் கைக்கு வந்திருந்தால் அந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்காது.

இந்த வகைப் புத்தகங்களுக்கெல்லாம் மூத்த புத்தகம் ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915-இல் கப்பலில் வந்து இறங்கிய கில்பர்ட் ஸ்லேட்டர், ஒரு வினாப்பட்டியல் தயாரித்து மாணவர்கள் கையில் கொடுத்து, விடுமுறைக்குப் போகும்போது உங்கள் ஊரைப் பற்றி எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். வந்தவற்றைத் தொகுத்து 1918-இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வெளியிட்டார். தென் ஆர்க்காட்டில் இருவேல்பட்டு, வட ஆர்க்காட்டில் தூசி, தஞ்சையில் பாலக்குறிச்சி, ராமநாதபுரத்தில் வடமலாபுரம், திருநெல்வேலியில் கங்கைகொண்டான். பொருளியலாளர்கள் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1936-37-இல் அந்த ஊர்களுக்கே மறுபடி ஆள் அனுப்பினார்கள். அந்த மறு ஆய்வு 1940-இல் அச்சானது. நான் ஆய்வு மாணவனாக இருந்த எண்பதுகளில் ஆய்வாளர்கள் எஸ். குகனும் ஜோன் மென்சரும் இருவேல்பட்டுக்குத் திரும்பிப் போனார்கள்; தூசியும் அப்போது மறுபடி ஆராயப்பட்டது. எங்கள் மேசைகளில் அந்த நாட்களில் இந்த ஊர்ப்பெயர்கள் சொந்த ஊர்ப்பெயர்களாகப் புழங்கின.

யோசித்துப் பாருங்கள். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கல்லூரி மாணவர் தன் ஊரில் ஏர் எத்தனை, மாடு எத்தனை, கூலி எவ்வளவு என்று எழுதிவைத்தார். அதை ஒருவர் அச்சில் ஏற்றினார். ஒரு நூலகம் அதைக் கறையானிடமிருந்து காப்பாற்றியது. அதனால்தான் பின்னால் வந்த தலைமுறைகள் அதே தெருவில் நின்று அதே கேள்வியைக் கேட்க முடிந்தது. கேட்ட கேள்வி என்ன என்று எழுதிவைத்திருந்தார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. விடையை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தால் ஒப்பிட வழியில்லை. கங்கைகொண்டானில் இன்று சிப்காட் வளாகம் இருக்கிறது. அந்த ஊர் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று சொல்ல நூறு ஆண்டுக்கு முந்திய கணக்கு கையில் இருக்கிற கிராமங்கள் இந்தியாவில் அதிகம் இல்லை.

நூலகத்தில் கிடைக்காதது ஊரில் கிடைக்கும் என்று கிளம்புவதும் உண்டு. 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறையை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்திருந்தது, கர்ணம் போய் வி.ஏ.ஓ. வந்துகொண்டிருந்த இடைக்காலம் அது. தாலுகா அலுவலகத்தில் தாசில்தார் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனால், புது வி.ஏ.ஓ. பழைய கணக்கைப் பார்க்கத் தெரியாமல் பழைய கர்ணத்தின் வீட்டுக்கே என்னை அழைத்துப் போனார். திண்ணையில் அமர்ந்து அடங்கலைப் பிரித்துவைத்துக்கொண்டு அந்தப் பெரியவர் எனக்குப் பாடம் எடுத்தார். பசலி என்றால் ஜூலை முதல் ஜூன் வரை. பசலி 1392-க்கு 590-ஐக் கூட்டு, 1982 வரும். இந்த நிரலில் 'தரிசு' என்று இருப்பதையெல்லாம் தரிசு என்று நம்பிவிடாதே தம்பி, இதில் பாதியில் வேர்க்கடலை போடுகிறார்கள், தீர்வை கூடும் என்று எழுதவில்லை. இது 'புஞ்சை' என்று இருக்கிறதே, கிணறு வெட்டி இருபது வருடம் ஆகிறது, நெல்தான் விளைகிறது. அரசு அச்சிடும் பருவ, பயிர் அறிக்கையில் அழகாகக் கூட்டி வைத்திருக்கும் எண்கள் எந்தத் திண்ணையில் பிறக்கின்றன என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். இப்போது சிட்டாவும் அ-பதிவேடும் அரசின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன, லஞ்சம் இல்லாமல், யாருக்கும் கும்பிடு போடாமல். அது பெரிய விடுதலை. அந்தத் திண்ணைப் பாடத்துக்கு மட்டும் எந்தத் தளத்திலும் பொத்தான் இல்லை.

அந்தப் பாடத்தை எனக்கு இன்னொரு முறை நடத்தியவர் ஒரு நூலகர். 1961-க்கும் 1971-க்கும் இடையே உழைக்கும் பெண்களின் விகிதம் இந்தியாவில் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்திருந்தது: நூறு பெண்களில் 28 பேர் உழைப்பவர்கள் என்றது முதல் கணக்கு, 14 பேர் என்றது அடுத்த கணக்கு. பசுமைப் புரட்சி பெண்களை வயலிலிருந்து விரட்டிவிட்டதா, டிராக்டர் காரணமா என்று நாங்கள் மேசையைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது, எப்போதும் அடக்கமாகப் பேசும் அந்த நூலகர் இரண்டு தொகுதிகளையும் கொண்டுவந்து வைத்து, "அட்டவணைக்கு முன்னால இருக்கிற பக்கத்தையும் படிச்சுட்டுப் பேசுங்க சார்" என்றார். படித்தோம். 1961-இல் பருவகால வேலையாக இருந்தால் அந்தப் பருவத்தின் பெரும்பகுதி நாளைக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் வேலை செய்தாலே உழைப்பவர். 1971-இல் கேள்வி மாறியிருந்தது: உங்கள் முதன்மையான செயல் என்ன? சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பிறகு களையெடுக்கப் போகிறவளுக்கு முதன்மையான செயல் வீட்டு வேலை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். வயலில் இருந்த பெண்கள் வயலிலேயேதான் இருந்தார்கள். கணக்கிலிருந்து லட்சக்கணக்கில் காணாமற்போயிருந்தார்கள். 1981-இல் முதன்மை உழைப்பாளர், குறு உழைப்பாளர் என்று பிரித்து அதைக் கொஞ்சம் சரிசெய்தார்கள்.

அன்றிலிருந்து எந்த எண்ணைப் பார்த்தாலும் அதைக் கேட்ட வாய் எது, சொன்ன வாய் எது என்று கேட்காமல் என்னால் அடுத்த பக்கம் போக முடிவதில்லை. வறுமை பற்றிய பெரிய சண்டையிலும் இதையே பார்த்தோம். புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1950-இல் தொடங்கிவைத்த தேசிய மாதிரி ஆய்வு, வழக்கமாகக் கடந்த 30 நாளில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கும். 1999-2000 சுற்றில் உணவுப் பொருட்களுக்குக் கடந்த 7 நாள் என்றும் 30 நாள் என்றும் ஒரே வீட்டில் இரண்டு விதமாகவும் கேட்டார்கள். இரண்டு கேள்வியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் ஒரு விடை மற்றதைப் பாதித்தது. நாட்டில் வறுமை எவ்வளவு குறைந்தது என்பதைப் பற்றி அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். கோடிக்கணக்கான ஏழைகள் இருக்கிறார்களா இல்லையா என்பது ஒரு படிவத்தில் இரண்டு கட்டங்கள் அருகருகே இருந்ததில் போய் நின்றது.

அந்த மாதிரி ஆய்வின் வீட்டுவாரித் தரவை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. 1977-இலிருந்து வந்த சர்வேக்ஷனா இதழில் அவர்கள் எந்த அட்டவணையை அச்சிட்டார்களோ அதுதான் எங்களுக்கு. அவர்கள் மாவட்டமாகப் பிரிக்காவிட்டால் நாங்களும் பிரிக்க முடியாது. மூலத் தரவு டெல்லியில் காந்த நாடாக்களில் இருந்தது. யாருக்கு யாரைத் தெரியும் என்பதைப் பொறுத்து அது சிலருக்குக் கிடைத்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1962 முதல் ஒரு கூட்டுக் காப்பகம் இருந்தது, இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1967 முதல் ஒன்று. ஆய்வு செய்தவர்கள் தங்கள் தரவை அங்கே ஒப்படைப்பதும், அடுத்தவர் அதை எடுத்துப் பயன்படுத்துவதும் சாதாரண வழக்கமாக இருந்தன. அதைக் கேள்விப்பட்டு நீலநிற ஏரோகிராமில் ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். நாட்கள் கழித்து ஒரு தடித்த உறை வந்தது, உள்ளே ஓர் ஆய்வின் கோட்புக், அதாவது அதன் கேள்விகளையும் விடைகளுக்குத் தந்த எண்களையும் விளக்கும் புத்தகம். தரவு நாடா வாங்கப் பணமும் இல்லை, அதைப் போட்டுப் பார்க்கும் இயந்திரத்தின் பக்கம் போக வழியும் இல்லை. கிண்டி ஐ.ஐ.டி.யில் 1973-இல் வந்த ஐ.பி.எம். 370-க்கு அட்டையில் துளைபோட்டு எடுத்துக்கொண்டு போன நண்பர்கள் இருந்தார்கள். ஓர் அட்டைக்கு 80 நிரல், ஒரு குடும்பத்துக்குச் சில அட்டைகள், கீழே போட்டுக் கலைத்தால் அவ்வளவுதான். நான் அந்தக் கோட்புக்கை மட்டும் ஒரு நாவலை வாசிக்கிற ஆர்வத்தோடு வாசித்தேன். ஒரு கேள்வியை எத்தனை விதமாகக் கேட்கலாம், 'தெரியாது' என்பவருக்கும் 'சொல்ல மாட்டேன்' என்பவருக்கும் தனித்தனி எண் ஏன் கொடுக்க வேண்டும், வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போகலாமா கூடாதா, இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தது தரவே இல்லாத அந்தப் புத்தகம்தான்.

இப்போது என்னிடம் வழிகேட்டு வரும் மாணவர்களில் ஒருத்தி செய்யாறு பக்கத்துப் பெண், தூசி அவளுக்கு அடுத்த ஊர். அவள் மடிக்கணினியில் தேசிய மாதிரி ஆய்வின் வீட்டுவாரித் தரவு இருக்கிறது. பெயரைப் பதிவு செய்துவிட்டு ஒன்றிய அரசின் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்திலிருந்து காசில்லாமல் இறக்கியது. மேரிலாந்து பல்கலைக்கழகமும் டெல்லியின் தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து 2011-12-இல் 42,152 குடும்பங்களில் நடத்திய இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு இருக்கிறது. நான் ஏரோகிராம் போட்ட அதே மிச்சிகன் காப்பகத்திலிருந்து ஒரு மாலையில் வந்திறங்கியது. 1992-93-இல் தொடங்கிய தேசியக் குடும்பநல ஆய்வின் எல்லாச் சுற்றுகளும் இருக்கின்றன. 1872-இலிருந்து வந்த கணக்கெடுப்பு அறிக்கைகளை ஸ்கேன் செய்து கணக்கெடுப்புத் துறையே தன் மின்நூலகத்தில் வைத்திருக்கிறது. நான் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்த தொகுதிகள் அவள் மடியில் கிடக்கின்றன. யாருடைய பரிந்துரைக் கடிதமும் அவளுக்குத் தேவைப்படவில்லை. எந்த அலுவலக வாசலிலும் 'துறைத்தலைவரிடம் எழுதி வாங்கிட்டு வாம்மா' என்று யாரும் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. எங்கள் காலத்தில் அந்த வாசல்களில் பாதியிலேயே திரும்பிப் போனவர்களில் பெண்களும், முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களும்தான் அதிகம். அதை நினைத்தால் பழைய நாட்களைப் பற்றிய ஏக்கத்தை அளவோடு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அவளிடம் இல்லாத ஒன்றும் உண்டு. கோப்பில் பெண்களின் வேலை என்பது சில எழுத்துகளும் ஓர் எண்ணும் சேர்ந்த ஒரு மாறியாக நிற்கிறது. அந்தக் கேள்வி வீட்டில் யாரிடம் கேட்கப்பட்டது, எத்தனை நாள் நினைவைக் கேட்டது, மாடு கறப்பது அதில் சேருமா என்பதெல்லாம் வேறொரு கோப்பில், வினாப்பட்டியல் என்ற பெயரில், பெரும்பாலும் திறக்கப்படாமல் இருக்கிறது. எங்களுக்கு அந்தப் பக்கங்களைத் தாண்டாமல் அட்டவணைக்குப் போக வழியே இல்லை. இவர்களுக்கு அவற்றைத் தொடாமலே முடிவுரை வரை போய்விட வழி இருக்கிறது. அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன்: தரவைத் திறப்பதற்கு முன்னால் அந்தப் படிவத்தை அச்செடுத்து, உங்கள் அம்மாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ ஒரு முறை கேட்டு நிரப்பிக்கொண்டு வாருங்கள். செய்யாற்றுப் பெண் தன் அம்மாவிடம் கேட்டாள். 'என்ன வேலை செய்றீங்க' என்றதற்கு அம்மா சொன்ன பதில் 'ஒண்ணுமில்ல, வீட்லதான் இருக்கேன்'. சொல்லும்போது அந்த அம்மா இரண்டு ஆட்டுக்கு அகத்திக்கீரை கட்டிக்கொண்டிருந்தாராம். அந்த வாரம் அவள் ஆய்வுத் தலைப்பு மாறியது.

வந்த வசதி நிலையாக நிற்கும் என்றும் நாம் எண்ணிவிடக் கூடாது. 2017-18-இல் எடுத்த குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வை, தரம் சரியில்லை என்று சொல்லி அரசு வெளியிடவே இல்லை. 2011-12-க்குப் பிறகு அடுத்த கணக்கு 2022-23-க்குத்தான் கிடைத்தது. நம் குடும்பநல ஆய்வின் தரவை உலகத்துக்கு விநியோகித்து வந்த அமெரிக்கத் திட்டத்துக்கு 2025 பிப்ரவரியில் அந்த நாட்டு அரசு பணத்தை நிறுத்தியபோது, புதிதாகப் பதிவு செய்ய வந்த மாணவர்கள் வாசலிலேயே நின்றார்கள். தமிழ்நாட்டுப் பெண்களின் ரத்தசோகைக் கணக்கு வாஷிங்டனில் எடுக்கும் ஒரு முடிவில் தொங்கிக்கொண்டிருந்தது. பத்தாண்டுக்கு ஒரு முறை தவறாமல் வந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2021-இல் வரவில்லை. இன்றைக்கும் ஊராட்சித் திட்டம் முதல் ரேஷன் ஒதுக்கீடு வரை 2011 எண்களை வைத்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். 2011-இல் பிறந்த குழந்தை இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறது.

அரசுத் தரவுக்காவது கேட்பதற்கு ஆள் உண்டு. நம் கல்லூரிகளில் நாமே எடுத்த ஆய்வுகளுக்கு அதுவும் இல்லை. ஒரு கல்லூரியில் ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்ற பிறகு அவர் அறையைக் காலி செய்ததைப் பார்த்திருக்கிறேன். நெசவாளர் குடும்பங்களில் மாணவர்களை வைத்து வீடு வீடாக எடுத்த படிவங்கள், கயிறு கட்டிய கட்டுகளாக, பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறின. கைத்தறி ஒரு வீட்டில் எப்போது நின்றது, ஏன் நின்றது, தறியை என்ன செய்தார்கள் என்று அந்தந்த வீட்டுக்காரர் வாயால் சொன்னது அதில் இருந்தது. இனி யார் போய்க் கேட்டாலும் அதைச் சொல்ல அவர்கள் இல்லை. தமிழ்நாட்டில் அப்படி எடைக்குப் போன கிராமங்கள் எத்தனை என்று நினைத்தால் மனம் வலிக்கிறது. ஸ்லேட்டரின் மாணவர்கள் எழுதியது தப்பிப் பிழைத்தது அது அச்சானதால் மட்டுமே. இன்று தரவை ஒப்படைக்க இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவே ஒரு களஞ்சியம் வைத்திருக்கிறது. பெயர்களை நீக்கிவிட்டு, வினாப்பட்டியலோடு சேர்த்து, தட்டச்சு செய்து அனுப்பலாம். கையில் கைப்பேசி இருக்கிறவர் படிவங்களைப் படமெடுத்தாவது வைக்கலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும், முனைவர் பட்டத்தை முடித்துப் பரணில் மூட்டை கட்டி வைத்திருப்பவர்களுக்கும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: எடைக்குப் போடாதீர்கள். மாணவர்களுக்கு: எண்ணைத் தொடுவதற்கு முன் கேள்வியைப் படியுங்கள்.

மற்ற எல்லாருக்கும் இன்னும் சின்ன வேண்டுகோள் ஒன்று. 2027 மார்ச் 1-ஆம் நாளைக் கணக்கு நாளாக வைத்து அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. 1931-க்குப் பிறகு முதல் முறையாக எல்லாச் சாதிகளையும் எண்ணப் போகிறார்கள். கணக்கெடுக்க வருபவர் பெரும்பாலும் உங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியராக இருப்பார். அவரை உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். வீட்டுப் பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டால், ஆண்கள் முந்திக்கொண்டு 'சும்மா இருக்காங்க' என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களையே கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஆடு மேய்த்தது, பால் கறந்தது, களையெடுத்தது, பூக்கட்டி விற்றது எல்லாம் அந்தப் படிவத்தில் ஏற வேண்டும். நூறு ஆண்டு கழித்து உங்கள் ஊரைப் பற்றி ஒருவர் படிக்கும்போது அவருக்குக் கிடைக்கப்போவது அன்றைக்கு நீங்கள் சொல்லும் பதில்தான்.